ஒன்பது நாள் பயணம், தொண்ணூறு நாள் காத்திருப்பு

கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பதும், தேர்வெழுதிவிட்டுக் காத்திருப்பதும், விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பதும் நம் நாட்டாருக்குப் புதியவை அல்ல. ஆனால் இந்த நூற்றாண்டு நமக்கு வேறொரு காத்திருப்பையும் கற்றுத் தந்திருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு மின்னணுப் பொருளைக் கடல் கடந்த நாட்டிலிருந்து வரவழைக்கப் பணம் செலுத்திவிட்டு, இன்று வரும், நாளை வரும் என்று நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் காத்திருப்பே அது. அறிவியல் துறைகளில் பயிலும் தோழர்களுள் இதை அறியாதார் இலர். செய்முறைத் திட்டத்திற்கு ஓர் உணரி வேண்டும். ஒரு சிறு கணிப்பலகை வேண்டும். அவை வந்து சேர்வதற்குள் பருவத் தேர்வே வந்துவிடும்.

ஏன் இந்தத் தாமதம் என்று கேட்டால், "கப்பல் தாமதம்" என்ற இரண்டு சொற்களில் விடை முடிந்துவிடுகிறது. உண்மையில் கப்பல்தான் தாமதிக்கிறதா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இன்று முதுகலை இயற்பியல் இரண்டாமாண்டில் பயிலும் நான், இளங்கலை இறுதியாண்டில் இருந்தபோது எங்கள் குழு வரவழைத்த ஒரு பொருளையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். ஒரு சிறு பொருளின் பயணத்தைப் பின்தொடர்ந்தால் உலக வாணிகத்தின் உள்ளமைப்பே நமக்குப் புலனாகும்.

ஓர் எளிய கணக்கு

எங்கள் பொருள் புறப்பட்ட இடம் தென் சீனத்திலுள்ள ஷென்சென் நகரம். 1980-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்ட அந்நகரம், இன்று மின்னணுப் பொருள்களின் பெருஞ்சந்தையாக விளங்குகிறது. அங்கிருந்து சிங்கப்பூர் வழியாகச் சென்னைக்கு ஏறத்தாழ 3,000 கடல் மைல் தொலைவு. ஒரு சரக்குக் கப்பல் மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் செல்வதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 360 கடல் மைல். மூவாயிரத்தை முந்நூற்றறுபதால் வகுத்தால் எட்டேகால் நாளுக்குச் சற்று மேல் வருகிறது. ஒன்பது நாள் என்றே கொள்ளலாம்.

நாங்கள் பணம் செலுத்திய நாள் 2023 டிசம்பர் 14. பொருள் எங்கள் ஆய்வகத்திற்கு வந்த நாள் 2024 மார்ச் 13. இடையில் கழிந்தவை சரியாகத் தொண்ணூறு நாள்கள். கப்பல் நீரில் ஓடியது ஒன்பது நாள் என்றால், எஞ்சிய எண்பத்தொரு நாள்கள் எங்கே போயின? இதுதான் கேள்வி. இதற்கு விடை காண, விற்பனையாளரிடமிருந்த தாள்களைக் கேட்டுப் பெற்று நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன்.

எண்பத்தொரு நாள்களின் பங்கீடு

எங்களுக்கு வேண்டியவை காற்றிலுள்ள தூசை அளக்கும் உணரிகள் சிலவும், அவற்றை இயக்கும் பலகைகளும், லித்தியம் மின்கலங்களும் ஆகும். சென்னையிலுள்ள ஒரு விற்பனையாளர் நான்கு வாரத்தில் தருவதாகச் சொன்னார். அவரிடம் இருப்பு ஏதும் இல்லை. எங்களைப் போன்ற பலருடைய தேவைகளைத் திரட்டி மொத்தமாக வரவழைப்பதே அவர் வழக்கம். அவ்வாறு திரட்டுவதற்கு 17 நாள்கள் சென்றன. டிசம்பர் முடிந்தது.

சீனத்திலிருந்த தயாரிப்பாளரிடம் உணரி கையிருப்பில் இல்லாமையால், அது ஆயத்தமாவதற்கு 19 நாள்கள் ஆயின. பின்னர்ப் பொருள்கள் துறைமுகத்தருகே ஒரு கிடங்கிற்குச் சென்றன. அங்கே கப்பலில் இடம் கிடைக்கக் காத்திருந்தவை 31 நாள்கள்! பிப்ரவரி 19-இல் கப்பல் புறப்பட்டது. சிங்கப்பூரில் பெட்டகத்தை இறக்கி, வேறொரு கப்பலில் ஏற்றுவதற்கு 5 நாள்கள். ஓடிய 9 நாள்களையும் சேர்த்துக் கடல்வழியில் 14 நாள்கள். சென்னைத் துறைமுகத்திலும் சுங்கத்திலும் 7 நாள்கள். அங்கிருந்து எங்கள் கல்லூரிக்கு 2 நாள்கள். பதினேழும் பத்தொன்பதும் முப்பத்தொன்றும் பதினான்கும் ஏழும் இரண்டும் கூடினால் தொண்ணூறு.

இப்பங்கீட்டைக் கூர்ந்து நோக்கும்போது ஓர் உண்மை விளங்கும். பொருள் நகர்ந்த நாள்கள் மிகச் சில. நின்ற நாள்களே பல. நம் ஊர்த் தேர் நான்கு வீதியையும் சுற்றி நிலைக்கு வர ஒரு பகல் ஆகிறதென்றால், அது ஓடிய நேரம் சிறிது. முட்டுக்கட்டையில் நின்ற நேரமே பெரிது. பன்னாட்டுச் சரக்கின் கதையும் அதுவே. ஆகவே, தாமதத்தை அறிய விரும்புவோர் கப்பலின் வேகத்தைக் கேட்பதை விட, சரக்கு எங்கெங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்றே கேட்க வேண்டும்.

பெட்டகம் தந்த வசதியும் தொல்லையும்

1956 ஏப்ரல் 26-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டகங்களுடன் புறப்பட்டது. லாரித் தொழில் நடத்திவந்த மால்கம் மக்லீன் என்பாரின் முயற்சி அது. அதுவரை மூட்டை மூட்டையாக, பெட்டி பெட்டியாக ஆள்கள் தூக்கி அடுக்கிவந்த சரக்கு, அன்று முதல் பெட்டகத்தோடு பாரந்தூக்கியால் ஏற்றப்பட்டது. கண்டெய்னர் என்று நாம் வழங்கும் அப்பெட்டகமே கடல் வாணிகத்தின் செலவைப் பெரிதும் குறைத்தது. அது இல்லையேல் சீனத்து உணரி ஒன்று தஞ்சைத் தரணி மாணவனின் கைக்கு எட்டும் விலையில் வந்திராது.

ஆனால் எங்கள் பொருள் ஒரு பெட்டகத்தை நிரப்புமா? அதன் ஒரு மூலைக்கே போதாது. எனவே பலருடைய சரக்கையும் ஒரே பெட்டகத்தில் சேர்த்து அடுக்கி அனுப்புகிறார்கள். பங்கு வண்டியில் ஏறியவர் வண்டி நிறையும்வரை காத்திருப்பது போல, பெட்டகம் நிறையும்வரை முதலில் வந்த சரக்கும் காத்திருக்க வேண்டும். சென்னையில் இறங்கிய பிறகும் இத்தொல்லை தொடர்கிறது. துறைமுகத்திற்கு வெளியேயுள்ள சரக்குப் பெட்டக நிலையத்திற்குக் கொண்டுபோய்த் திறந்து, ஒவ்வொருவர் பங்கையும் தனித்தனியே பிரிக்க வேண்டும். ஒருவர் தாளில் ஐயம் எழுந்தால் உடன் வந்தவர்களும் சில வேளைகளில் காத்திருக்க நேரும்.

மேலும், எல்லாக் கப்பல்களும் எல்லாத் துறைமுகங்களுக்கும் நேரே வருவதில்லை. பெரிய கப்பல்கள் சிங்கப்பூர், மலேசியாவின் கிள்ளான், இலங்கையின் கொழும்பு போன்ற பெருந்துறைகளில் சரக்கை இறக்கிவிடும். அங்கிருந்து வேறு கப்பல்கள் அதனை ஏற்றி வரும். இரயிலில் சந்திப்பு நிலையம் எப்படியோ, அப்படியே இவை கடற்சந்திப்புகள். முதல் கப்பல் ஒரு நாள் தாமதித்து, அடுத்த கப்பல் போய்விட்டால் இழப்பு ஒரு நாளன்று. அடுத்த வாரக் கப்பல் வரும்வரை ஏழு நாள். நம் நாட்டுச் சரக்கை நம் கரையிலேயே மாற்றி ஏற்றும் நோக்குடன் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் அமைந்த துறைமுகம் 2025 மே 2-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டதை இங்கே நினைத்தல் தகும்.

வரிசையின் இலக்கணம்

கணிதத் துறைத் தோழர்கள் பொறுத்தருள்க. அவர்களுக்குத் தெரிந்த ஒன்றை மற்றவர்க்குச் சொல்லப் புகுகிறேன். காத்திருப்புக்கும் இலக்கணம் உண்டு. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக்குக் காத்திருப்போரைப் பற்றி டென்மார்க் நாட்டு அறிஞர் எர்லாங் 1909-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து அது வளர்ந்தது.

ரேஷன் கடை ஒன்றை எண்ணுங்கள். ஒருவருக்குப் பொருள் அளந்து தரச் சராசரியாக 5 நிமிடம் ஆகிறது. மக்கள் ஒழுங்கில்லாமல் வருகிறார்கள். அளப்பவர் தம் நேரத்தில் பாதிதான் வேலையாயிருக்கிறார் என்றால், வரிசையில் நிற்பவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். அளப்பவர் நூற்றுக்கு எண்பது பங்கு நேரம் வேலையாயிருந்தால் காத்திருப்பு 20 நிமிடம். தொண்ணூறு பங்கானால் 45 நிமிடம். தொண்ணூற்றைந்து பங்கானால் 95 நிமிடம்! வேலை ஐந்து விழுக்காடு கூடியது. காத்திருப்போ இருமடங்கிற்கு மேல் பெருகியது. முழு நேரமும் ஓய்வின்றி இயங்க வேண்டும் என்று எந்த அமைப்பைத் திட்டமிட்டாலும் அங்கே வரிசை எல்லையின்றி நீளும்.

துறைமுகமும் கிடங்கும் சுங்கச் சாவடியும் இவ்விதிக்கு விலக்கல்ல. சாதாரண நாள்களில் ஓரளவு இடைவெளி இருப்பதால் சரக்கு தடையின்றிச் செல்கிறது. வரத்து சிறிது கூடினால் போதும், தாமதம் பன்மடங்காகிறது. 2020-க்குப் பின் வீட்டிலிருந்தவாறே பொருள் வாங்குவோர் பெருகியபோது இதை உலகமே கண்டது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களுக்கு இடம் கேட்டு 2022 ஜனவரியில் நூற்றுக்கு மேற்பட்ட பெட்டகக் கப்பல்கள் காத்திருந்தன. கப்பல்கள் பழுதுபடவில்லை, கடலும் வற்றவில்லை. வரிசைதான் நீண்டது.

செங்கடலில் எழுந்த அலை

எங்கள் சரக்கு கிடங்கில் 31 நாள்கள் கிடந்ததற்கு வருவோம். இதற்குக் காரணங்கள் இரண்டு.

ஒன்று, சீனப் புத்தாண்டு. 2024-இல் அது பிப்ரவரி 10-இல் வந்தது. நம் பொங்கல் விடுமுறை போன்றதன்று அது. தொழிலாளர்கள் தொலைதூரச் சொந்த ஊர்களுக்குச் சென்றுவிடுவதால் தொழிற்சாலைகள் இரண்டு மூன்று வாரங்கள்கூட மூடிக்கிடக்கும். விடுமுறைக்கு முன்பே சரக்கை அனுப்பிவிட எல்லோரும் முந்துவார்கள். அப்போது கப்பலில் இடம் கிடைப்பது அரிது.

மற்றொன்று, நமக்குத் தொடர்பே இல்லை என்று தோன்றும் செங்கடல். 2023 நவம்பர் 19-இல், துருக்கியிலிருந்து குஜராத்தின் பிபாவாவ் துறைமுகத்திற்கு வந்துகொண்டிருந்த 'கேலக்சி லீடர்' என்ற கப்பலை ஏமன் நாட்டு ஹூதிப் படையினர் கைப்பற்றினர். தாக்குதல்கள் தொடரவே, டிசம்பர் நடுவில் உலகின் பெரிய கப்பல் நிறுவனங்கள் பல செங்கடலைத் தவிர்த்து, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கின. சிங்கப்பூரிலிருந்து ராட்டர்டாமுக்குச் சூயஸ் வழியே சுமார் 8,300 கடல் மைல். நன்னம்பிக்கை முனை வழியே சுமார் 11,800. போக ஒரு பத்து நாள், வர ஒரு பத்து நாள் கூடுகிறது.

ஷென்செனிலிருந்து சென்னைக்கு வரும் பொருள் செங்கடல் பக்கமே போவதில்லையே என்று கேட்கலாம். இங்கேதான் வரிசைக் கணிதம் மீண்டும் துணைக்கு வருகிறது. ஜான் லிட்டில் என்ற அறிஞர் 1961-இல் நிறுவிய விதி ஒன்றுண்டு: ஓர் அமைப்பினுள் இருப்பவற்றின் எண்ணிக்கை என்பது, வரும் வீதத்தையும் உள்ளே தங்கும் காலத்தையும் பெருக்கிய தொகை. வாரம் ஒரு கப்பல் புறப்பட வேண்டும். ஒரு கப்பல் ஐரோப்பா சென்று திரும்ப 11 வாரம் ஆகும் என்றால், அத்தடத்திற்கு 11 கப்பல்கள் வேண்டும். பயணம் 14 வாரமாக நீண்டால் அதே பணிக்கு 14 கப்பல்கள் வேண்டும். அந்த மூன்று கப்பல்கள் எங்கிருந்து வரும்? மற்றத் தடங்களிலிருந்துதான். காலிப் பெட்டகங்களும் அவ்வாறே மூன்று வாரம் பிந்தித் திரும்புகின்றன. ஆகவே சீனக் கரையில் பெட்டகமும் குறைந்தது, கப்பலில் இடமும் குறைந்தது. எங்கோ ஒரு மதகை அடைத்தால் எங்கோ ஒரு வயல் காய்வது காவிரிக் கரையாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சூயஸ் இவ்வாறு உலகைக் காக்கவைத்தது முதன்முறையன்று. 2021 மார்ச் 23-இல் 400 மீட்டர் நீளமுள்ள 'எவர் கிவன்' கால்வாயின் குறுக்கே சிக்கி, 29-ஆம் நாள்தான் விடுபட்டது. அதன் மாலுமிகள் 25 பேரும் இந்தியர். ஆறு நாள் அடைப்பை அறிந்த பலரும் அறியாதது என்னவெனில், இழப்பீட்டு வழக்கு முடியும்வரை அக்கப்பல் ஜூலை 7 வரை எகிப்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. அதிலிருந்த பல்லாயிரம் பேருடைய சரக்கும் அதனோடு நின்றது.

இன்னும் பழையதொரு செய்தியும் உண்டு. 1967 ஜூன் மாதப் போரில் கால்வாய் மூடப்பட்டபோது 15 கப்பல்கள் உள்ளே அகப்பட்டுக்கொண்டன. அவற்றுள் 14 பெரும் கசப்பு ஏரியில் நங்கூரமிட்டன. கால்வாய் மீண்டும் திறக்கப்பட்டது 1975 ஜூன் 5-இல்! எட்டு ஆண்டுகள். பாலை மணல் படிந்து மஞ்சள் நிறமேறியதால் அவற்றுக்கு 'மஞ்சள் கப்பற்படை' என்றே பெயர் வந்தது. மாறி மாறி வந்து காவலிருந்த மாலுமிகள் பொழுது போக்கக் கையால் அஞ்சல் தலைகள் செய்தனர்; அவற்றை இன்றும் சேகரிப்போர் உண்டு. இரண்டு ஜெர்மன் கப்பல்கள் மட்டுமே தம் சொந்த இயந்திரத்தின் வலிமையால் தாயகம் சேர்ந்தன. எட்டாண்டைக் கேட்டபின் எங்கள் தொண்ணூறு நாள் சற்றே சிறுத்துத் தோன்றியது உண்மை.

சில்லு பிறக்கும் காலம்

பொருள் கிடங்கிற்கு வருமுன்பே 19 நாள்கள் கழிந்தன என்றேன். மின்னணுப் பொருள்களுக்கே உரிய தாமதம் இது. எங்கள் உணரியினுள் ஒரு சிறு லேசர் விளக்கு, ஒளியுணர் கருவி, விசிறி, ஒரு நுண்சில்லு ஆகியவை இருக்கின்றன. இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற மூன்றும் பயனற்றவை. சிலிக்கன் வட்டில் ஒன்று நூற்றுக்கணக்கான படிகளைக் கடந்து சில்லாக வெளிவர ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். நாற்று நட்ட வயலில் நாளைக்கே கதிர் கேட்க முடியாதது போல, சில்லைத் தேவை வந்த அன்றே விளைவிக்க முடியாது.

2021-ஆம் ஆண்டு இதற்குச் சான்று. பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தைத் தாக்கிய கடுங்குளிரால் மின்சாரம் நின்று, ஆஸ்டின் நகரச் சில்லுத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. மார்ச் 19-இல் ஜப்பானில் ரெனசாஸ் நிறுவனத்தின் நாக்கா ஆலையில் தீப்பிடித்தது. தேவையோ முன்னெப்போதும் இல்லாத அளவு பெருகியிருந்தது. கார் தொழிற்சாலைகளே உற்பத்தியைக் குறைத்தன. மாணவர் விரும்பும் 'ராஸ்பெரி பை' கணிப்பலகை கிடைப்பதும் அரிதாயிற்று. 2021 அக்டோபரில் அதன் ஒரு வகை விலையேற்றம் கண்டது. அந்நிறுவன வரலாற்றில் அதுவே முதல் விலையேற்றம்.

வான்வழி வராதது ஏன்?

"விமானத்தில் வரவழைத்திருக்கலாமே?" என்று பலரும் எங்களைக் கேட்டனர். செலவு ஒரு காரணம். மற்றொரு காரணம் எங்கள் பட்டியலிலிருந்த லித்தியம் மின்கலங்கள். 2010 செப்டம்பர் 3-இல் துபாயிலிருந்து புறப்பட்ட சரக்கு விமானம் ஒன்றில், லித்தியம் மின்கலங்கள் இருந்த சரக்கு தீப்பற்றியதால் விமானம் விழுந்து, விமானிகள் இருவரும் மாண்டனர். 2016 ஏப்ரல் 1 முதல், தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயனி மின்கலங்களைப் பயணியர் விமானத்தில் சரக்காக ஏற்றுதல் உலக அளவில் தடைசெய்யப்பட்டது. சரக்கு விமானத்திலும் அவற்றின் மின்னேற்றம் 30 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது. ஆகவே இவ்விதிகளை வெறும் தொல்லை என்று தள்ளிவிட இயலாது. இரண்டு உயிர்கள் அவற்றின் பின்னே நிற்கின்றன.

வானிலும் தடைகள் வந்ததுண்டு. வான்சரக்கில் பெரும்பங்கு பயணியர் விமானங்களின் அடிவயிற்றில்தான் வருகிறது. 2020 மார்ச்சில் நம் நாட்டுக்கு வரும் பன்னாட்டுப் பயணியர் விமானங்கள் நிறுத்தப்பட்டு, வழக்கமான சேவை 2022 மார்ச் 27-இல்தான் மீண்டது. இந்தியாவுக்கும் சீனத்துக்கும் இடையிலான நேரடிப் பயணியர் விமானங்களோ 2025 அக்டோபரில்தான் மீண்டும் பறந்தன. விமானமில்லையேல் அதன் வயிற்றில் வரும் பொதியும் இல்லை.

பதின்மூன்று குறிகள்

அஞ்சல் வழியே சிறு பொதியை வரவழைப்போர் கையில் ஒரு கண்காணிப்பு எண் இருக்கும். என் வகுப்புத் தோழர் ஒருவர் அதை நாளுக்குப் பத்துமுறை பார்ப்பார். அந்த எண்ணே நமக்குப் பல செய்திகளைச் சொல்லும். அதில் முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், பிறகு ஒன்பது இலக்கங்கள், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் என மொத்தம் 13 குறிகள். முதல் எழுத்து 'ஆர்' எனில் பதிவஞ்சல். 'இ' எனில் விரைவஞ்சல். 'சி' எனில் பார்சல். 'யு' என்றிருந்தால் வழிநெடுகக் கண்காணிக்கப்படாத சாதாரணப் பொதி. அதைத் தேடித் தேடிப் பார்ப்பதில் பயனில்லை.

ஒன்பதாம் இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முதல் எட்டு இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து, மீதியைப் பதினொன்றிலிருந்து கழிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 20617354 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 151, மீதி 8, பதினொன்றில் எட்டுப் போக 3. எனவே முழு எண் 206173543 என்றிருக்க வேண்டும். விடை 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் கொள்வர். விற்பனையாளர் தந்த எண் இக்கணக்கிற்கு ஒத்துவராவிட்டால், அது தவறாக எழுதப்பட்டது, அல்லது இம்முறையைச் சாராத தனியார் எண் என்று உடனே அறியலாம். ஒரு தாளும் பேனாவும் போதும்.

சுங்கவாசல்

சுங்கத்தைக் குறை கூறுவது எளிது. ஆனால் அங்கே நடப்பது என்ன? வந்த பொருள் எவ்வகையைச் சார்ந்தது, அதன் மதிப்பு என்ன, எவ்வளவு வரி, தனி ஒப்புதல் வேண்டுமா என்ற நான்கு வினாக்களுக்கும் தாளில் விடை இருக்க வேண்டும். 'மின்னணுப் பொருள்' என்று மட்டும் எழுதியனுப்பினால் அதிகாரி என்ன செய்வார்? பொதியைத் திறந்துதான் பார்ப்பார். கம்பியில்லாத் தொடர்பு கொண்ட பலகைகளுக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வகை ஒப்புதல் தேவை. முன்பெல்லாம் 'அன்பளிப்பு' என்று எழுதி அனுப்புவோர் உண்டு. 2019 டிசம்பரில் அரசு அவ்வழியை மூடிவிட்டது; உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டுமே விலக்கு. எங்கள் சரக்கு துறைமுகத்திலும் சுங்கத்திலும் ஏழு நாள்களில் வெளிவந்தது என்றால், தாள்கள் ஒழுங்காக இருந்தமையே காரணம். கிடங்கில் போன முப்பத்தொரு நாளை நோக்க, இஃது ஒரு பொருட்டன்று.

நாள்களால் அளக்க முடியாத தாமதம்

இதுவரை நாள்களால் அளந்தோம். ஆனால் எல்லாத் தாமதத்தையும் நாள்களால் அளக்க முடியாது. எங்கள் திட்டம் அரிசி ஆலையில் பறக்கும் தூசை நிமிடந்தோறும் அளப்பது. அதைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம், என் அம்மா அரிசி ஆலையில் சல்லடைப் பக்கம் வேலை செய்கிறார். அறுவடைக் காலத்தில் இரவெல்லாம் இருமுவார். ஆலையில் எந்த இடத்தில், எந்த நேரத்தில் தூசு மிகுதி என்று தெரிந்தால் ஏதேனும் செய்யலாம் என்பது எங்கள் எண்ணம்.

சம்பா நெல் தை, மாசியில் ஆலைக்கு வரும். எங்கள் உணரி வந்ததோ மாசி முடியும் தறுவாயில். அதற்குள் ஆலையின் வேகம் தணிந்துவிட்டது. நாங்கள் கைகட்டி இருக்கவில்லை. வடிதாளின் வழியே காற்றை இழுத்து, படிந்த தூசை வேதியியல் துறைத் தராசில் நிறுத்தோம். நாள் முழுவதற்கும் சராசரி கிடைத்தது. திட்டமும் உரிய காலத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. ஆனால் எந்த நிமிடம், எந்த மூலை என்று வடிதாள் சொல்லாது.

அடுத்த தையில், 2025-இல், உணரிகளை ஆலையில் வைத்தோம். சல்லடை தொடங்கும் முதற் சில நிமிடங்களில், கிழக்கு மூலையில்தான் தூசு உச்சத்திற்கு எழுகிறது என்று வரைபடம் காட்டியது. ஆலை உரிமையாளர் அதைப் பார்த்து, அந்த மூலையில் காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்று அமைத்தார். செய்தது சிறிது, ஆனாலும் அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. வணிகரின் கணக்கில் அது தொண்ணூறு நாள் தாமதம். எங்கள் வீட்டுக் கணக்கில் அது ஒரு போகம்.

நாம் செய்யத்தக்கவை

கடலையும் போரையும் நாம் ஆள முடியாது. எனினும் நிற்கும் நாள்களுள் சிலவற்றைக் குறைக்கலாம். முதலாவதாக, பணம் செலுத்துமுன், "பொருள் இப்போது எந்த ஊரில் இருக்கிறது?" என்று விற்பனையாளரைக் கேட்க வேண்டும். எத்தனை நாளில் வரும் என்ற கேள்வியை விட இதுவே பயனுள்ளது. இரண்டாவதாக, சீனப் புத்தாண்டையும் அக்டோபர் முதல் வாரத்து அந்நாட்டு விடுமுறையையும் நம் நாள்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக, லித்தியம் மின்கலங்களை உள்நாட்டிலேயே வாங்க வேண்டும். அவை இல்லாத பொதிக்கு வான்வழி திறந்திருக்கும். நான்காவதாக, பொருள் வராவிட்டாலும் நடத்தக்கூடிய மாற்றுவழி ஒன்றைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

இவையனைத்தினும் மேலானது ஒன்றுண்டு. அதனைத் துறைப் பேராசிரியப் பெருமக்கள் முன் பணிவுடன் வைக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் மாணவர் தனித்தனியே டிசம்பரில் வாங்கும் பொருள்களில் பெரும்பாலானவை ஒரே வகையினவே. ஜூன் மாதத்தில் துறையே அவற்றைச் சேர்த்து வரவழைக்கலாம். திட்டம் முடிந்ததும் அவற்றை மாணவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் துறையின் அலமாரியில் ஒப்படைக்கலாம். எங்கள் உணரிகள் ஆறையும் அவ்வாறே ஆய்வகத்தில் ஒப்படைத்திருக்கிறோம். வரவேற்கத்தக்க திட்டம் ஒன்றைக் கையில் வைத்திருக்கும் இளங்கலைத் தோழர் எவரும் அவற்றைக் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளலாம். அவர் காத்திருக்க வேண்டிய நேரம், ஆய்வகப் பொறுப்பாளர் அலமாரிச் சாவியைத் தேடி எடுக்கும் நேரம் மட்டுமே.